தொட்டதும் ஓடிய பூனை

ரேலீனிடம் பூனை வாங்குவது என்ன சாமானியப்பட்ட காரியமா? பெண் கேட்டுப் போனால்கூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டில் நாய் இருக்கிறதா, பூனை எந்த அறையில் படுக்கும், வெளியூர் போனால் சாப்பாடு யார் வைப்பார்கள் என்று குடைந்து எடுத்துவிடுவாள். வைக்கோல் கொட்டகையிலும் சாலையோரத்திலும் அனாதையாகக் கிடக்கிற பூனைகளைத் தூக்கி வந்து, வைத்தியம் பார்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கிற கமிட்டிக்கு அவள்தான் தலைவி. பூமியின் தென்கோடியில் இருக்கிற இந்த மேனியோடோட்டோ சமவெளியில் செம்மறி ஆட்டைப் பற்றி எவன் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம். பூனை என்று வந்துவிட்டால் ரேலீன் சொன்னதுதான் சட்டம்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் நெவில் வந்து நின்றார். வயது எண்பதை நெருங்குகிறது. வாலிபத்திலிருந்து ஆட்டுக்கு மயிர் கத்தரித்தே காலம் தள்ளியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் தனிக்கட்டை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பூனை இருந்தா தேவல, ரேலீன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்வதற்கே முகம் சிவந்துவிட்டது.

கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. காரணம் ஒரு பழைய கதை. முப்பது நாற்பது வருஷம் இருக்கும், ஆடு ஓட்டுகிற நாய்களுக்கான போட்டி மைதானத்தில் நெவிலின் நாய் ஆடுகளைத் தவறவிட்டுவிட, மனிதர் ஊர் பார்க்க அதை எட்டி உதைத்தார். நாய் நொண்டிக்கொண்டு போனதை அன்றைக்குப் பார்த்தவர்களும் சொல்வார்கள், அன்றைக்குப் பிறக்காதவர்களும் சொல்வார்கள். இந்த ஊருக்கு எதுதான் மறக்கும்?

"மனுஷன் மாறவே கூடாதா?" என்று அடக்கிவிட்டாள் ரேலீன். தன் பெருந்தன்மையை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டீசல் கொட்டகையில் அகப்பட்டதால் டீசல் என்று பேர் வைத்த கறுப்புப் பெண் பூனையை அவளே வண்டியில் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டாள். விட்டதோடு நிற்பாளா? வீட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். விறகு அடுப்பின் மேல் ஒரு பெரிய இரும்புக் கெட்டில் உட்கார்ந்திருந்தது. குளிர்காலம் முழுக்க அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கத்து வீடுகளில் அது வழக்கம்.

"மொதல்ல இத எடுங்க," என்றாள். "பூனை ஏறி மேல கவுத்துக்கிச்சுன்னா வெந்தே போயிடும். ஒரு தடவ பாத்துட்டேன், போதும். நான் பூனை குடுக்கிற வீட்ல அடுப்பு மேல கொதிக்கிற தண்ணி இருக்கக் கூடாது."

"உனாவோட கெட்டில் அது," என்றார் நெவில். உனா அவர் மனைவி.

"அலமாரியில வைங்க. எங்கயும் ஓடிப் போயிடாது."

எடுத்து வைத்தார். அடுத்து, கமிட்டிப் பெண்கள் தைத்த புசுபுசு போர்வையை அடுப்புப் பக்கத்தில் விரித்தாள். பூனை வாங்குகிற எல்லாருக்கும் ஒன்று உண்டு. பாலியெஸ்டர் துணி, துவைத்தால் உடனே காய்ந்துவிடும். நெவில் அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்! என் வீட்டுக்குள்ள பிளாஸ்டிக் போர்வை! ஆடுங்க பாத்தா சிரிக்கும் பொண்ணே."

"ஆடு சிரிச்சா சிரிக்கட்டும், பூனைக்குப் புடிக்கும்," என்றாள் ரேலீன். இரண்டு பேரும் சிரித்தார்கள். வாரம் திரும்புவதற்குள் டீசல் அவர் மடியில் ஏறிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு குளிர் வந்தது. இந்தத் தென்கோடியில் ஜூலைதான் நடுக்குளிர், ஆனால் அந்த ஜூலையில் அடித்தது சாதாரணக் குளிர் அல்ல. வேலிக் கம்பி, புல், மரம் எல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு வாரக்கணக்கில் அப்படியே நின்றன. காற்றில் பொட்டு ஈரம் கிடையாது. உதடு வெடித்தது, மரக் கதவுகள் சுருங்கி இடுக்கு விட்டன, வீட்டுக்குள் அடுப்பும் ஹீட்டரும் ராப்பகலாக எரிந்தன. ரேலீன் வழக்கம்போல, கொடுத்த பூனைகளைப் பார்த்துவரக் கிளம்பினாள்.

நெவில் வீட்டில் டீசல் அந்தப் போர்வையின் மேல் சுருண்டு கிடந்தது. உடம்பு நன்றாகத் தேறியிருந்தது, மினுமினுவென்று இருந்தது. "பாருங்க, ராணி மாதிரி வச்சிருக்கீங்க," என்று வாய் நிறையச் சொன்னாள். நெவில் குனிந்து, "வாடி கண்ணு," என்று கையை நீட்டினார்.

கை பாதி தூரம்கூடப் போகவில்லை. பூனை காதை ஒடுக்கி, உடம்பைத் தரையோடு தரையாக அழுத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டது. அடுத்த நொடி ஒரே ஓட்டம், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில்.

ரேலீன் டீக் கோப்பையை மேஜையில் வைத்தாள். "எத்தன நாளா இப்படி?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"நெவ், ஒளிக்காம சொல்லுங்க. அடிச்சீங்களா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பெரிய கை, கணுக்கள் வீங்கிய கை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான், "அடிக்கல," என்றார். அதுவும் தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

அடிக்காதவன் இப்படியா சொல்வான் என்று ரேலீனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பூனைகளைப் பார்த்தவள் அவள்! கையைக் கண்டு தரையோடு ஒட்டுகிற பூனைக்கு என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கா தெரியாது? நாய் நொண்டிக்கொண்டு போனது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் அன்றைக்கு அந்த மைதானத்தில் இருக்கவேயில்லை, ஆனாலும் வந்தது.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாசலுக்குப் போய்ப் பூனைப் பெட்டியைத் தானே எடுத்து வந்தார். போர்வையை உதறி, மடித்து, உள்ளே வைத்தார். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு எடுக்க மட்டும் வரவில்லை. "நீ எடு, நான் கிட்ட வந்தா பயப்படும்," என்று சமையலறையிலேயே நின்றுகொண்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் ஊர்க் கூடத்தில், விற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்கச் சீஸ் ரோல் போடுகிற வேலை. நீள மேஜையில் பெண்கள் வரிசையாக நின்று ரொட்டித் துண்டில் சீஸ் கலவையைத் தடவுவதும் சுருட்டுவதுமாக இருந்தார்கள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற பெவ், "டீசல் எப்படி இருக்கு?" என்றாள். பெவ் காதில் ஒன்று விழுந்தால் வானொலியில் சொன்ன மாதிரி.

"எங்க வீட்லதான் இருக்கு," என்றாள் ரேலீன்.

"ஏன், என்னாச்சு?"

"நான் ஒண்ணும் சொல்லல பெவ். அவரு கையத் தூக்கினா அது நடுங்குது. அவ்ளோதான் சொல்வேன். மத்தத நீயே புரிஞ்சுக்க."

பெவ் ரொட்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அட பாவி மனுஷா! அந்த நாய உதைச்சவன்தானே!"

ரேலீன் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையில் எவ்வளவு திருப்தி இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சாயங்காலத்துக்குள் சமவெளி முழுக்கப் பரவிவிட்டது. நெவில் மதுக்கடைக்குள் நுழைந்தால், "டேய், நாயெல்லாம் வண்டியில ஏத்து, நெவ் வந்துட்டாரு," என்று எவனாவது கத்துவான், மற்றவர்கள் கிளாஸுக்குள் சிரிப்பார்கள். இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அது மட்டுமா? இங்கே குளிர் முற்றி அணை கெட்டியாக உறைந்தால், கருங்கல்லைப் பனியில் வழுக்கிவிட்டு ஆடுகிற கர்லிங் பெரிய ஆட்டம் நடக்கும். எல்லா வருஷமும் உறையாது, உறைகிற வருஷம் திருவிழாதான். நாலு பேர் ஒரு அணி. ஸ்டூ ஆடுகிற அணிக்கு வெகுகாலமாக நெவில்தான் தலைவர். ஸ்டூ ஒருநாள் ரேலீன் வீட்டுக்கு வந்து அவள் கணவன் கெல்வினிடம், "இந்தத் தடவ நெவ் எடத்துல நீ ஆடுறியா? பசங்க அவரு கூட நிக்கக் கூச்சப்படுறானுங்க," என்றான். கெல்வின் பேச்சில் சிக்கனம் பிடிப்பவன். சரி என்றான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ரேலீன் வீட்டில் இன்னொன்று நடந்தது.

வந்த புதிதில் டீசல் சோபாவுக்கு அடியிலேயே கிடந்தது. மெல்ல மெல்ல வெளியே வந்து, அதே புசுபுசு போர்வையில் படுக்கத் தொடங்கியது. ஒரு சாயங்காலம், கெல்வின் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான். ரேலீன் பாலியெஸ்டர் அங்கியைப் போர்த்திக்கொண்டு, கம்பளத்தில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். "என் செல்லமே," என்று குனிந்து பூனையின் மூக்கருகில் விரலைக் கொண்டுபோனாள்.

பட்டென்று ஒரு சத்தம். அவள் விரல் நுனியில் சுரீர் என்றது. பூனை அலறிக்கொண்டு எகிறி ஓடியது.

கெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "பூனைக்குக் கரண்டு குடுத்துட்டியே ரே!"

காற்று காய்ந்து கிடக்கிற நாட்களில் காரின் கதவைத் தொட்டாலும் சுரீர் என்கிறது, சட்டையைக் கழற்றினாலும் சடசட என்கிறது, அதே சங்கதிதான். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரேலீனும் சிரித்துவிட்டு விட்டாள். மறுநாள் காலை, டீசல் வெயில் படுகிற ஜன்னலருகே உட்கார்ந்திருந்தது. தடவிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினாள்.

கை பாதி தூரம் போவதற்குள் பூனை காதை ஒடுக்கியது. உடம்பைத் தரையோடு அழுத்தியது. கண்ணை இடுக்கிக்கொண்டது.

ரேலீன் நீட்டிய கையோடு நின்றாள். கெல்வின் பூட்ஸ் மாட்டிக்கொண்டே பார்த்தான். "இனிமே உங்கிட்ட வராது," என்றான். "நம்ம கன்னுக்குட்டி கரண்டு வேலியில எத்தன தடவ மூக்க வைக்கும்? ஒரே தடவ. அப்புறம் நான் கரண்ட நிறுத்தினாலும் கிட்ட போகுமா அது? போகாது. அதப் போய் யாராவது அடிச்சாங்களா என்ன?"

அவன் நெவிலை நினைத்துச் சொல்லவில்லை. வேலியைப் பற்றித்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு பூட்ஸ் மாட்டிய காலோடு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கெட்டிலை எடுக்கச் சொன்னது யார்? அவள்தான். அந்த அடுப்பு எரிகிற வீட்டில் காற்றுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பிளாஸ்டிக் போர்வையை விரித்தது யார்? அதுவும் அவள்தான். சட்டம் பேசியது, கதையைக் கட்டியது, ரொட்டி சுருட்டிக்கொண்டே ஊர் வாயில் போட்டது எல்லாம் அவள்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் என்ன என்று இருந்தது.

"போய்ச் சொல்லிடு ரே," என்றான் கெல்வின்.

"சொல்றேன். மொதல்ல இது நெசந்தானான்னு பாக்கணும் இல்ல?"

பார்த்தாள். அடுப்பின் மேல் பின்பக்கமாக, பூனை தள்ள முடியாத கனத்த பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். ஆமாம், அவளேதான் வைத்தாள். போர்வையைத் தூக்கிக் கொட்டகையில் எறிந்துவிட்டுப் பழைய பருத்தி விரிப்பைப் போட்டாள். அங்கியைத் துறந்து பருத்திச் சட்டைக்கு மாறினாள். பூனையிடம் போவதற்கு முன்னால் உடம்பிலிருக்கிற கரண்டை இறக்கிவிட அடுப்பின் இரும்புக் காலைத் தொட்டாள், கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டாள். மூக்குப் பக்கம் போகாமல் விலாப் பக்கம் மெல்லத் தொட்டாள். முதலில் சில நாள் டீசல் நம்பவில்லை. பிறகு நின்று முகர்ந்து பார்த்தது. பிறகு ஒருநாள் அதுவே வந்து அவள் முழங்காலில் தலையை முட்டியது. நிஜந்தான் என்று தெரிந்துவிட்டது, சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அப்போதாவது போனாளா? போகவில்லை.

இந்த வாரக் கடைசியில் போகலாம் என்று நினைத்தாள். வாரக் கடைசி வந்தால் தலைவலி வந்தது. ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நெவில் வீட்டுத் திருப்பம் வரைக்கும் போய், புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கமிட்டி என்ன சொல்லும்? இத்தனை வருஷமாக எல்லாருக்கும் பாடம் எடுத்தவள், பூனைக்கு ஷாக் அடித்ததுகூடத் தெரியாமல் ஒரு கிழவர் பேரைக் கெடுத்தாள் என்று சொல்லும். ஒருநாள் மளிகைக் கடையில் நெவிலையே எதிரில் பார்த்துவிட்டாள். அவர் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, தள்ளுவண்டியைச் சுவரோரமாக ஒதுக்கி, அவள் போவதற்கு வழிவிட்டார். தப்புச் செய்தவன் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார். ரேலீன் மாவுப் பொட்டலத்தை எடுத்து அதிலிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டே நின்றாள், அவர் கடையை விட்டுப் போகிற வரைக்கும்.

இதில் பெவ் வேறு ஒருநாள் கேக் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். டீசல் ரேலீனின் மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பெவ் அப்படியே உருகிவிட்டாள்.

"பாத்தியா! இதுக்குத்தான் நல்ல கை படணும்ங்கிறது. அந்தக் கையி என்ன, இந்தக் கையி என்ன!"

"ம்," என்றாள் ரேலீன்.

இதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது பாருங்கள். பெவ் போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன்னை இவ்வளவு கேவலமாக அவள் என்றைக்குமே உணர்ந்ததில்லை. ஆனால் அழுதுவிட்டு வெளியே வந்து, முகம் கழுவி, கேக்கைச் சாப்பிட்டாள்.

ஒரு விடியற்காலை தொலைபேசி அடித்தது. அணை உறைந்துவிட்டது, பனி தாங்கும், ஆட்டம் உண்டு. சமவெளியே போட்டது போட்டபடி கிளம்பியது. கெல்வின், ஓடுகிற கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கிற துடைப்பத்தை வண்டியில் போட்டான். அணித் தொப்பியைக் கையில் எடுத்தவன், போட்டுக்கொள்ளாமல் மேஜை மேல் வைத்தான்.

"நான் அவர் எடத்துல நிக்க மாட்டேன் ரே."

"கெல்வின், இன்னிக்கா இந்தப் பேச்சு?"

"இத்தன நாளும் நீ சொல்வேன்னு பாத்தேன். நானும் வாய மூடிக்கிட்டுதான் இருந்தேன், எனக்கும் அசிங்கமாதான் இருக்கு. இன்னிக்கி நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

அவள் எழுந்தாள். போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அணையில் கூட்டம் நெரிந்தது. பனியின் மேல் கற்கள் உறுமிக்கொண்டு போயின. காலையிலேயே விஸ்கி கை மாறிக்கொண்டிருந்தது. ஸ்டூவும் அணிக்காரர்களும் அவர்களைக் கண்டதும் கையசைத்தார்கள், பெவ்வும் அங்கேதான் நின்றாள். ரேலீன் வழுக்காமல் அவர்கள் பக்கத்தில் போய் நின்று, எங்கே தைரியம் போய்விடுமோ என்று அவசரமாகச் சொன்னாள்.

"நெவ் பூனைய அடிக்கல. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

கெட்டில், போர்வை, விரலில் அடித்த ஷாக் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நொடி எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பிறகு எவனோ, "ரேலீன் பூனைக்குக் கரண்டு கனெக்‌ஷன் குடுத்துட்டாடா!" என்றான். சிரிப்பு வெடித்தது. பெவ் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"உனக்கு எவ்ளோ பெரிய மனசு! அந்த ஆளு மானத்தக் காப்பாத்த நீ பழிய ஏத்துக்கிறியே."

"பெவ், நான் ஏத்துக்கல. பழி என்னோடதுதான்."

"சரி சரி. அப்ப அந்த நாய உதைச்சதும் கரண்டா?" என்றான் இன்னொருவன். மறுபடியும் சிரிப்பு.

ஏசுவார்கள் என்று பயந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இவர்கள் ஏசவில்லை, பாராட்டுகிறார்கள்! அவளுக்குக் காது ஜிவ்வென்று எரிந்தது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள். பக்கத்து ஆட்டக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "அவரு ஒண்ணும் பண்ணல. எனக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். பெவ், நீ கேக் எடுத்துட்டு வந்தியே, அன்னிக்கும் தெரியும். கேக்குதா உங்களுக்கெல்லாம்?"

இப்போது எவனும் சிரிக்கவில்லை. பெவ்வின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. ஸ்டூ துடைப்பத்தால் பனியைக் கொஞ்ச நேரம் கீறிக்கொண்டு நின்றான்.

"போய்க் கூட்டிட்டு வா," என்றான். "அவரு கல்லு என் வண்டியிலதான் இருக்கு. நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லு."

வீட்டுக்குப் போய் டீசலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நெவில் வீட்டுக்கு ஓட்டினாள். அவர் சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கமாக விலகி நின்றார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை மெல்லச் சொன்னாள், எதையும் குறைக்கவில்லை. அணையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதையும் சொன்னாள்.

நெவில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல நெவ்."

"நான் அன்னிக்கு என் நாய் ஜெட்ட உதைச்சேன் பாரு, அதுக்கப்புறமும் அது நான் கூப்பிட்டா வரும். ஆனா குனிஞ்சுக்கிட்டேதான் வரும். சாகுற வரைக்கும் அப்படித்தான் வந்துச்சு. டீசலும் அதே மாதிரி குனிஞ்சுச்சு, அச்சு அசல் அதே மாதிரி. சரி, இதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். எங்கையில அது இன்னும் இருக்குது போலன்னு. அடிச்சீங்களான்னு நீ கேட்டப்போ எனக்கு ஒடனே வாய் வரல."

"மன்னிச்சிருங்க," என்றாள் ரேலீன். அந்த வார்த்தை அவளுக்கே அற்பமாக இருந்தது.

"கரண்டா!" என்றார். முகம் மெல்ல விரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் கரண்டு. காய்ச்சுப்போன கையி, எனக்குச் சுருக்குன்னுகூடத் தெரியல. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் பொண்ணே."

"ஸ்டூ காத்துக்கிட்டு இருக்கான். உங்க கல்லு அங்கதான் இருக்கு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் எழுந்தார். இந்த வயதில் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒருவர் எழுந்து அவள் பார்த்ததில்லை. கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கினார், கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்தார், ஒரு கையை நுழைத்தார். நுழைத்துக்கொண்டே, சும்மா கேட்பது போல, "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

நேற்றுத்தான் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினாள்.

"கூட்டிட்டுப் போன கொஞ்ச நாள்லயே."

கோட்டுக்குள் பாதி நுழைந்த கை நின்றது. "அப்படின்னா, டெஸ்ஸா வர்றதுக்கு முன்னாடியேவா?"

டெஸ்ஸா அவர் பேத்தி, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருப்பவள். அவள் வந்ததே ரேலீனுக்குத் தெரியாது. "எப்ப வந்தா?"

"போன மாசக் கடைசியில. மொதக் கொழந்தையத் தூக்கிட்டு எனக்குக் காட்டணும்னே வந்தா. அவ்ளோ தூரத்துலேர்ந்து."

ரேலீன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "முன்னாடியேதான்," என்றாள்.

நெவில் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். உட்கார்ந்தார்.

"எங்கையில கொடுக்க வந்தா. கை அழுக்கா இருக்கும்மான்னேன். மறுநாளும் கொடுத்தா. சளி புடிச்சிருக்குன்னேன். கெளம்புற அன்னிக்கும் கேட்டா, ஒரே ஒரு தடவ தூக்குங்க தாத்தா, போட்டோ எடுக்கணும்னு. நான் தூக்கல. கொழந்தையும் அப்படிக் குனிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். அவளுக்கு ரொம்ப வருத்தம். ஒண்ணும் சொல்லாமத்தான் போனா."

"மறுபடியும் வருவா நெவ். நான் போன் பண்ணிச் சொல்றேன் அவகிட்ட. இப்பவே பண்றேன்."

"எனக்கு வர்ற வருஷம் எண்பது," என்றார் அவர்.

ரேலீன் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவும் கூசியது, போகவும் கூசியது. பெட்டிக்குள் டீசல் மெல்லக் கத்தத் தொடங்கியது. நெவில் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதத் தொறந்து விடு," என்றார். "பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு."